கிளஸ்டரில் நியாயப் பங்கீடு: ஸ்லர்ம் ஃபேர்ஷேர் அமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய கிளஸ்டர் அது, அதாவது பல கணினிகளை இணைத்த ஒரு தொகுப்பு. சாதாரண நோடுகள் (தொகுப்பில் உள்ள தனிக் கணினிகள்) 20. ஒவ்வொன்றிலும் 64 கோர், 256 ஜிபி மெமரி. அதே கோரும் மெமரியும் கொண்ட ஜிபியு நோடுகள் 4, ஒவ்வொன்றிலும் 4 ஜிபியு (கிராபிக்ஸ் செயலி). பாதிப் பணம் மூலக்கூறு இயக்கவியல் குழுவுடையது. மரபணு ஆய்வுக் குழு 30 விழுக்காடும் இயந்திரக் கற்றல் குழு 20 விழுக்காடும் போட்டிருந்தன. பயன்படுத்துபவர்கள் மொத்தம் 40 பேர்.

பயனர்கள் ஓட்டக் கொடுக்கும் வேலைகளை, அதாவது ஜாப்களை, வரிசைப்படுத்தி நோடுகளுக்கு அனுப்புவதை ஸ்லர்ம் பார்த்துக்கொண்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உருவான திறமூல மென்பொருள் அது. உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இன்று ஓடுவதும் அதுதான். ஆனால் இங்கே அதை அமைத்திருந்த விதம் மிக எளியது: யார் ஜாப் முதலில் வருகிறதோ அது முதலில் ஓடும். நிறுவிய புதிதில் பயனர்கள் குறைவு, அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை. கூட்டம் கூடியதும் சிக்கல் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்ததைப் பார்த்தாலே போதும். மூலக்கூறு குழுவின் மாணவர் ஒருவர் 1000 ஜாப் கொண்ட ஒரு அரே (ஒரே மாதிரியான ஜாப்களின் தொகுப்பு) கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். ஜாப் ஒன்றுக்கு 4 கோர், 24 மணி நேரம். 1280 கோரில் ஒரே சமயத்தில் 320 ஜாப் ஓடும். மூன்று சுற்று முடியவே 72 மணி நேரம். ஆக, திங்கள் மாலை வரை சாதாரண நோடுகளில் வேறு யாருக்கும் இடமில்லை. அந்த மாணவர் விதி எதையும் மீறவில்லை. அவர் செய்ததை முழுக்க அனுமதித்தது அமைப்புதான். சனிக்கிழமை இரண்டு மணி நேர வேலை ஒன்றுக்காகக் காத்திருந்தவர் அட்மினுக்கு போன் செய்தார். அட்மின் சில ஜாப்களைக் கையால் நிறுத்தி வைத்து அவருக்கு வழிவிட்டார். அடுத்த வாரம் போன் செய்பவர்கள் கூடிவிட்டார்கள். அட்மினைத் தெரிந்தவருக்கு இடம் கிடைத்தது, கூச்சப்பட்டு வாய் திறக்காதவர் காத்திருந்தார். என்னைப் பொறுத்தவரை கிளஸ்டருக்கு நேரக்கூடிய மோசமான நிலை இதுதான். இயந்திரம் பழுதானால் மாற்றிவிடலாம், ஆட்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

அமைப்பை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது பலரும் சொன்னது, “ஃபேர்ஷேரை ஆன் பண்ணிட்டா சரியாயிடும்.” தன் பங்கைவிடக் குறைவாகப் பயன்படுத்தியவரை வரிசையில் முன்னே விடும் வசதிதான் ஃபேர்ஷேர். அதை ஆன் செய்வது ஒரு வரி வேலைதான். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு நுட்பமான பங்கீட்டு முறையும் தப்பான ஆளைத்தான் பின்னுக்குத் தள்ளும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கைச் சரிசெய்வதில்தான் போனது.

முதலில் பங்கு எண்

கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் மூன்று குழுத் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினோம். 50, 30, 20 என்பதே பங்கா? புதுக் குழு சேர்ந்தால் என்ன செய்வது? குழுவுக்குள் மாணவர்களுக்கு எப்படிப் பிரிப்பது? பங்கு எண்ணை அட்மின் முடிவு செய்யவே கூடாது. பணம் போட்டவர்கள் முடிவு செய்து எழுத்தில் தரவேண்டும், அட்மின் அதை அமைத்துக் கொடுக்கவேண்டும். பின்னாளில் சண்டை வரும்போது அந்த ஒரு பக்கத் தாள்தான் கைகொடுக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை மூன்று பேருக்கும் புரியவைக்க நேரம் பிடித்தது. ஸ்லர்மில் பங்கு என்பது விகிதம், விழுக்காடு அல்ல. 50, 30, 20 என்று கொடுத்தால் கூட்டுத்தொகை 100 என்பதால் விழுக்காடு போலத் தெரியும். நாளை 20 பங்கோடு நாலாவது குழு சேர்ந்தால் கூட்டுத்தொகை 120 ஆகிவிடும். 50 பங்கு வைத்திருந்த குழுவின் உரிமை 41.7 விழுக்காடாக இறங்கும், யாரும் அதன் எண்ணைத் தொடாமலேயே. புதியவர் பணம் போட்டு நோடும் சேர்த்தால் இது நியாயம், வெறும் விருந்தாளி என்றால் நியாயமில்லை. ஆகவே விருந்தாளிகளுக்கு 1 பங்கு மட்டுமே என்று தாளில் எழுதிக்கொண்டோம்.

அடுத்து, பயனர் கணக்கு மரம். ஸ்லர்மின் வரலாற்றுக் கணக்கெல்லாம் ஸ்லர்ம்-டிபிடி என்ற தனிச் சேவை வழியாக ஒரு மரியாடிபி தரவுத்தளத்தில் சேர்கிறது. இந்தச் சேவை இல்லாவிட்டால் ஃபேர்ஷேருக்குப் பயன்பாட்டுக் கணக்கு கிடைக்காது. மரத்தின் உச்சியில் ரூட், அதன் கீழ் மூன்று குழுக்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள். குழுவுக்குள் எல்லோருக்கும் சம பங்கு. இரண்டு குழுவிலும் வேலை செய்யும் மாணவருக்கு இரண்டு இடத்திலும் பெயர் உண்டு. ஜாப் கொடுக்கும்போது எந்தக் குழுவின் கணக்கில் ஓடவேண்டும் என்று அவர் குறிப்பிடவேண்டும், குறிப்பிடாவிட்டால் அவருடைய இயல்பான குழுவின் கணக்கில் ஏறும். பிறகு அக்கவுண்டிங்-ஸ்டோரேஜ்-என்ஃபோர்ஸ் என்ற அமைப்பில் அசோசியேஷன்ஸ் (மரத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே), லிமிட்ஸ் (வரம்புகள்), க்யூஓஎஸ் (ஜாப் வகைக்கேற்ற தனி விதிகள்) மூன்றையும் சேர்த்தோம். இதைச் செய்யாமல் வரம்புகளை எழுதி வைத்தால் அவை காகிதத்தில் மட்டும் இருக்கும். மரத்தில் பெயரே இல்லாதவர்கூட ஜாப் ஓட்டலாம்.

கணக்கு எதை எண்ணுகிறது

எங்கள் கிளஸ்டரில் உண்மையான அநியாயம் ஒளிந்திருந்தது இங்கேதான்.

மரபணுக் குழுவின் ஒரு ஜாப்பை எடுத்துக்கொள்வோம். மரபணுத் துண்டுகளைக் கோத்து முழுத் தொடராக்கும் வேலை. கேட்டது 1 கோர், 240 ஜிபி மெமரி. அது ஒரு நோடில் ஏறினால் மீதி 63 கோருக்கு 16 ஜிபிதான் மிஞ்சும். நடைமுறையில் நோடு முழுக்கப் போய்விட்டது. ஆனால் கோர் மணியை மட்டும் எண்ணும் கணக்கில் இந்த ஜாப்பின் செலவு 1. பக்கத்து நோடில் 64 கோரில் மூலக்கூறு ஜாப் ஓட்டுபவருக்கு 64. இருவரும் ஆளுக்கு ஒரு நோடு எடுத்திருக்கிறார்கள், செலவில் மட்டும் 64 மடங்கு வித்தியாசம். இந்த நிலையில் ஃபேர்ஷேரை ஆன் செய்திருந்தால் மரபணுக் குழு என்றைக்கும் “குறைவாகப் பயன்படுத்தியவர்” என்று முன்னால் நின்றிருக்கும், மூலக்கூறு குழு என்றைக்கும் பின்னால்.

ஸ்லர்மில் இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (நோடுகளின் தொகுதிக்கும்) டிரெஸ்-பில்லிங்-வெயிட்ஸ் என்று ஒரு வரி எழுதலாம்: எந்த வளத்துக்கு எவ்வளவு எடை. எங்கள் நோடில் 64 கோருக்கு 256 ஜிபி, அதாவது கோருக்கு 4 ஜிபி. ஆகவே கோருக்கு எடை 1 என்றால் ஒரு ஜிபிக்கு 0.25. ஜிபியு நோடில் 4 ஜிபியு, 64 கோர். ஒரு ஜிபியுவுக்கு 16.

இதோடு விட்டால் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லர்ம் இயல்பாக இந்த எடைகளைக் கூட்டும். 64 கோரும் 256 ஜிபியும் கேட்டு முழு நோடை எடுத்தவருக்கு 64 கூட்டல் 64, மொத்தம் 128. ஜிபியு நோடை முழுதாக எடுத்தால் 192. அதே சாதாரண நோடை 1 கோர், 240 ஜிபி என்று அடைத்தவருக்கு 61. ஒரே நோடு, ஆனால் கட்டணம் வேறு வேறு. இதைத் தவிர்க்க பிரையாரிட்டி-ஃப்ளாக்ஸ் வரியில் மேக்ஸ்-டிரெஸ் என்று சேர்த்தோம். அப்போது கூட்டாமல், நோடில் எடுத்தவற்றில் எது பெரியதோ அது மட்டும் கணக்கில் ஏறும். கோர் 1, மெமரி 60, பெரியது 60. முழு நோடு எடுத்தவருக்கு, எந்த வகை நோடானாலும் 64. ஒருவர் எந்த வளத்தால் மற்றவரை அடைக்கிறாரோ அந்த வளத்துக்கே அவரிடம் கணக்குக் கேட்பது என்பதுதான் இதன் அடிப்படை. எனக்கு இது மிகவும் நேர்மையான அளவுகோலாகப் படுகிறது.

ஜிபியுவுக்கு இன்னொரு வரியும் வேண்டும். அக்கவுண்டிங்-ஸ்டோரேஜ்-டிரெஸ் பட்டியலில் ஜிபியுவைச் சேர்க்காவிட்டால் தரவுத்தளத்தில் ஜிபியு பயன்பாடு பதிவே ஆகாது. அறிக்கையில் அந்த நெடுவரிசையே இருக்காது.

கணக்கு மாறியதும் மரபணுக் குழுவிலிருந்து ஒரு மாணவர் வந்தார்.

“சார், ஒரே ஒரு கோர்தான் கேட்டேன். எனக்குப் போய் எதுக்கு 60 போட்டிருக்கீங்க?”

“நீங்க கேட்ட மெமரிக்கு அப்புறம் அந்த நோடுல வேற யாரும் ஏற முடியலைங்க. நிஜமா 240 ஜிபி வேணுமா, பார்த்தீங்களா?”

அவர் பார்த்திருக்கவில்லை. செஃப் என்று ஸ்லர்மோடு வரும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. முடிந்த ஜாப்பின் எண்ணைக் கொடுத்தால் கேட்ட மெமரி எவ்வளவு, உண்மையில் தொட்ட உச்சம் எவ்வளவு என்று சொல்லும். அவருடைய ஜாப்களில் பெரும்பாலானவை கேட்டதில் சிறு பகுதியைத்தான் தொட்டிருந்தன. யாரோ ஒரு சீனியர் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே பயன்படுத்தி வந்திருக்கிறார். ஸ்லர்ம் கணக்கு வைப்பது ஒதுக்கியதற்கே, பயன்படுத்தியதற்கு அல்ல; ஒதுக்கிய இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது என்பதால் இதுதான் சரி. அவர் மெமரியை உண்மைத் தேவைக்குக் குறைத்ததும் அவருடைய ஜாப்கள் நாலைந்து ஒரே நோடில் ஏறின. அவருக்கும் லாபம், மற்றவருக்கும் இடம்.

கணக்கு நேர்மையாக இருக்க இன்னொரு பூட்டும் தேவை. 1 கோர் கேட்டுவிட்டு உள்ளே 64 திரெட் (இணையாக ஓடும் கிளைகள்) ஓடவிடும் நிரல்கள் உண்டு. பயனர் வேண்டுமென்று செய்வதில்லை. பல நூலகங்கள் நோடில் எத்தனை கோர் இருக்கிறது என்று பார்த்து அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். கணக்கில் 1, நிஜத்தில் பக்கத்து ஜாப்பையும் சேர்த்து மூச்சுத் திணறவைக்கும். லினக்ஸின் சி-குரூப் வசதியை ஸ்லர்மோடு இணைத்து கோர், மெமரி, சாதனங்கள் மூன்றையும் கட்டுப்படுத்தினோம். அதன்பின் கேட்டது எதுவோ அதை மட்டுமே ஜாப் பயன்படுத்த முடியும். சில ஜாப்கள் முதல் வாரம் மெமரி போதாமல் செத்தன. அது எதிர்பார்த்ததுதான், முன்னதாகவே எல்லோருக்கும் எழுதியிருந்தோம்.

பழைய பயன்பாட்டை எத்தனை நாள் நினைவில் வைப்பது

இதுவரை எவ்வளவு பயன்படுத்தினார் என்பதை வைத்து இனி யார் முன்னால் என்று தீர்மானிப்பதுதான் ஃபேர்ஷேர். 1980களில் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும் செய்த பணிக்கு இந்தச் சிந்தனையில் முக்கிய இடம் உண்டு. 1988இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலேயே பழைய பயன்பாடு காலப்போக்கில் தேய்ந்து மறையும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்லர்மில் அதை அரையாயுள் என்று கொடுக்கிறோம். இயல்பு 7 நாள். இன்று செலவான 1000, ஒரு வாரம் கழித்து 500 ஆக எண்ணப்படும், இரண்டு வாரத்தில் 250.

எங்களுக்கு 7 நாள் குறைவாகப் பட்டது. ஆராய்ச்சிக் குழுக்களின் வேலை, மாநாட்டுக் கடைசித் தேதியை ஒட்டி அலை அலையாக வரும். ஒரு குழு இரண்டு வாரம் மொத்தக் கிளஸ்டரையும் நிரப்பிவிட்டு ஓய்ந்தால், அடுத்த பத்து நாளில் அந்தப் பயன்பாட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் மறந்துபோகும். ரொம்ப நீட்டினாலும் ஆபத்து: மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாணவர் ஓட்டியதற்காக இன்று சேர்ந்த அவருடைய குழுத்தோழர் தண்டனை அனுபவிப்பார். 14 நாள் என்று வைத்தோம். பயன்பாட்டை மாதாமாதம் பூஜ்ஜியமாக்கும் வசதியும் ஸ்லர்மில் இருக்கிறது. அரையாயுள் இருக்கும்போது அதை நாங்கள் தொடவில்லை. மாத முதல் தேதி எல்லோரும் சமமாகிவிட்டால் மாதக் கடைசியில் கொள்ளையடிப்பவருக்குத்தான் ஆதாயம்.

குழுத் தலைவர்களில் ஒருவர் இங்கே ஒரு கேள்வி எழுப்பினார்: “மூன்று மாதம் நாங்கள் தொடவே இல்லை. அந்த மணி நேரம் எங்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டாமா?” இல்லை. ஏரிப்பாசனத்தில் முறைத்தண்ணீர் போலத்தான் இது. உங்கள் முறை வந்த நாளில் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், போன மாதத்துத் தண்ணீரை இந்த மாதம் கேட்க முடியாது. ஆனால் திரும்பி வந்த அன்று வரிசையில் முதல் இடம் உங்களுக்குத்தான். சேமித்து வைக்கும் உரிமை வேண்டுமென்றால் அது மணிக்கணக்கு ஒதுக்கீடு என்ற வேறு முறை. பெரிய தேசிய மையங்கள் அப்படிச் செய்கின்றன. எங்களைப் போன்ற சிறு இடத்தில் அது நோடுகளைச் சும்மா கிடக்கவைக்கும்.

பழைய சூத்திரமும் புதிய மரமும்

ஸ்லர்மின் பழைய ஃபேர்ஷேர் சூத்திரம் எளிமையானது: பயன்பாட்டைப் பங்கால் வகுத்து, 2இன் எதிர்மறை அடுக்காக எடு. பங்கு அளவுக்கே பயன்படுத்தியவருக்கு 0.5 வரும், ஒன்றும் பயன்படுத்தாதவருக்கு 1. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்கு 0.01 உள்ள ஒருவர் கிளஸ்டரின் 0.2 பகுதியைப் பயன்படுத்திவிட்டால் விகிதம் 20. 2இன் எதிர்மறை 20ஆம் அடுக்கு ஏறத்தாழ 0.00000095. ஜாப்பின் முன்னுரிமை எண்ணைக் கணக்கிட இதை 1,00,000 என்ற எடையால் பெருக்கினாலும் 0.095 தான் வரும். முன்னுரிமை எண் முழு எண் என்பதால் அது 0. அவரைப்போல் இரு மடங்கு பயன்படுத்தியவருக்கும் 0. இருவரும் சமம் என்று ஆகிவிடுகிறது. அதிலும் பெரிய குறை, பல அடுக்கு உள்ள மரத்தில் ஒரு குழு தன் பங்குக்குக் குறைவாகவே எடுத்திருந்தாலும், அதன் உள்ளே அதிகம் ஓட்டிய ஒருவர் மற்றக் குழுக்காரர்களுக்குப் பின்னால் போய்விடலாம்.

இந்தக் குறையை நேராகத் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ரயன் காக்ஸும் லீவை மோரிசனும். அவர்கள் எழுதிய ஃபேர்-ட்ரீ 14.11 பதிப்பில் ஸ்லர்மில் சேர்ந்தது. 19.05 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. எங்களிடம் இருந்தது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஆகவே தனியாக ஆன் செய்யவேண்டிய தேவை இல்லை. ஆனால் அது எப்படி முடிவெடுக்கிறது என்று தெரியாமல் பயனர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் குழுக்களை மட்டும் ஒப்பிடும். பங்கைப் பயன்பாட்டால் வகுக்கும். உதாரணத்துக்கு ஒரு நாள்: மூலக்கூறு குழு, பங்கு 0.5, பயன்பாடு 0.6, கிடைப்பது 0.83. மரபணு, 0.3க்கு 0.1, கிடைப்பது 3. கற்றல் குழு, 0.2க்கு 0.3, கிடைப்பது 0.67. 1க்கு மேல் என்றால் பங்கைவிடக் குறைவாக எடுத்தவர், 1க்குக் கீழ் என்றால் அதிகம் எடுத்தவர். வரிசை: மரபணு, மூலக்கூறு, கற்றல். பிறகு மரபணுக் குழுவுக்குள் இறங்கி ஆட்களை இதே முறையில் வரிசைப்படுத்தும். அவர்கள் எல்லோரும் முடிந்த பின்பே மூலக்கூறு குழுவின் ஆட்களுக்கு வரும். கடைசியில் கிடைப்பது ஒரே நீள வரிசை. 40 பேர் இருந்தால் முதலாமவருக்கு 1, அடுத்தவருக்கு 40இல் 39, இப்படியே கடைசி ஆளுக்கு 40இல் 1. விகிதம் எவ்வளவு சிறுத்தாலும் வரிசையில் இடம் இடம்தான்; எண்கள் பூஜ்ஜியத்தில் போய் ஒட்டிக்கொள்வதில்லை.

இதன் விளைவு ஒன்று பலருக்கு உறுத்தியது. மரபணுக் குழுவில் அதிகம் ஓட்டியவர்கூட, மூலக்கூறு குழுவில் மாதம் முழுக்க எதுவும் ஓட்டாத புது மாணவிக்கு முன்னால் நிற்பார். “அதிகமா ஓட்டினது எங்க சீனியருங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று அந்த மாணவி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பந்தம் குழுக்களுக்கிடையே போட்டது. பணம் போட்டது குழு, உரிமையும் குழுவுக்கு. குழுவுக்குள் சீனியர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார் என்றால் அதைப் பேசவேண்டிய இடம் குழுக் கூட்டம். நான் இந்த நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தேன். மாணவிக்காக விதியை வளைத்தால் பழைய போன் வழக்கம் திரும்பிவிடும். அதேசமயம், தன் குழுவுக்குள் அந்த மாணவிதான் முதல் ஆள். மூலக்கூறு குழுவின் முறை வரும்போது முதலில் ஏறுவது அவருடைய ஜாப்.

எடைகள்

ஸ்லர்மில் ஜாப்பின் முன்னுரிமை பல காரணிகளின் கூட்டல். ஒவ்வொரு காரணியும் 0 முதல் 1 வரை, ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு எடை கொடுக்கிறோம். ஃபேர்ஷேருக்கு 1,00,000 வைத்தோம். காத்திருந்த காலத்துக்கு எவ்வளவு என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது.

40 பேர் வரிசையில் ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் 0.025, எடையோடு பெருக்கினால் 2,500. காத்திருப்புக்கு 10,000 கொடுத்தால் 7 நாள் காத்திருந்த ஜாப் நாலு படி தாண்டி முன்னே போகும். 5,000 கொடுத்தால் இரண்டு படி. நாங்கள் 5,000 வைத்தோம். இங்கே எளிதில் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது: பயனர்கள் 80 ஆனால் ஒரு படி 1,250 ஆகச் சுருங்கும், அதே 5,000 அப்போது நாலு படியைத் தாண்டும். யாரும் எதையும் மாற்றாமலேயே காத்திருப்பின் வலு இரட்டிப்பாகிவிடுகிறது. அதனால் ஆள் கூடும்போதெல்லாம் எடையைப் பார்க்கவேண்டும் என்று அமைப்புக் கோப்பிலேயே குறிப்பு எழுதி வைத்தோம்.

ஜாப் அளவுக்கு எடை பூஜ்ஜியம். சோதனை ஓட்டத்துக்கு மட்டும் ஒரு தனி க்யூஓஎஸ்: ஒருவருக்கு ஒரே ஒரு ஜாப், 30 நிமிடம், ஆனால் வரிசையில் எல்லோருக்கும் முன்னால். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க யாரும் ஒரு நாள் காத்திருக்கக் கூடாது.

ஃபேர்ஷேர் தடுப்பதில்லை

இவ்வளவும் செய்த பிறகும் அந்த வெள்ளிக்கிழமைச் சிக்கல் தீராது. வரிசையில் யார் முன்னால் என்பதை மட்டுமே ஃபேர்ஷேர் சொல்லும். வரிசையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் கடைசி இடத்தில் இருப்பவரும் முதல் ஆள்தான். அவர் 1280 கோரையும் நீண்ட ஜாப்களால் நிரப்பிவிட்டால் திங்கட்கிழமை முதலிடத்தில் இருப்பவர் வெறுமனே முதலிடத்தில் காத்திருப்பார். ஓடும் ஜாப்பைப் பாதியில் நிறுத்தும் வசதி ஸ்லர்மில் உண்டு என்றாலும் நாங்கள் அதை விரும்பவில்லை.

முதல் மருந்து, அதிகபட்ச ஓட்ட நேரம் 48 மணி. மூலக்கூறு குழுவினர் எதிர்த்தார்கள், அவர்களுடைய ஓட்டங்கள் வாரக்கணக்கில் போகும். ஆனால் அவர்கள் ஓட்டும் குரோமாக்ஸ் நிரல் இடையிடையே செக்பாயின்ட் (அதுவரை வந்த நிலையின் பதிவு) எழுதும். மேக்ஸ்-ஹெச் என்ற விருப்பத்தில் மணி நேரத்தைச் சொல்லிவிட்டால் நேரம் முடியுமுன் தானே ஒழுங்காக நிறுத்திக்கொள்ளும், அடுத்த ஜாப் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்ததும் எதிர்ப்பு அடங்கியது. மரபணுக் குழுவின் சில நிரல்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்காக 2 நோடுகளில் மட்டும் 7 நாள் வரை ஓட அனுமதிக்கும் பார்ட்டிஷன் ஒன்று வைத்தோம்.

இரண்டாவது மருந்து எனக்கு மிகப் பிடித்தது. ஒருவர் இத்தனை கோர்தான் எடுக்கலாம் என்று தடை போட்டால், கிளஸ்டர் காலியாக இருக்கும்போதும் அது தடுக்கும். அதற்குப் பதில் குரூப்-டிரெஸ்-ரன்-மின்ஸ் என்ற வரம்பு. ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஜாப்களுக்கும் கோர் எண்ணிக்கையை மீதமுள்ள நிமிடங்களால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு உச்சம். ஆளுக்கு 7,37,280 கோர்-நிமிடம் என்று வைத்தோம். 48 மணி நேர ஜாப் என்றால் 256 கோர் வரை போகலாம். 24 மணி நேர ஜாப் என்றால் 512 கோர். ஒன்பதரை மணி நேரத்தில் முடியும் ஜாப்களாக வெட்டிக் கொடுத்தால் 1280 கோரையும் எடுத்துக்கொள்ளலாம், கிடைத்தால். ஜாப் ஓட ஓட மீதி நிமிடம் குறையும், புது ஜாப்கள் உள்ளே வரும். குறுகிய ஜாப் கொடுப்பவருக்கு அகலமான இடம், நீண்ட ஜாப் கொடுப்பவருக்குக் குறுகலான இடம். மற்றவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதையே நேரடியாக அளக்கும் வரம்பு இது. ஜிபியுவுக்கு 11,520 நிமிடம், அதாவது 4 ஜிபியு 48 மணி நேரத்துக்கு.

இந்த வரம்பு வந்த பிறகு பயனர்கள் தாங்களாகவே ஓட்ட நேரத்தைச் சரியாக மதிப்பிடத் தொடங்கினார்கள். முன்பு எல்லோரும் அதிகபட்சத்தைப் போட்டுவிடுவார்கள். நேரம் சரியாக இருந்தால் பேக்ஃபில் நன்றாக வேலை செய்யும்: பெரிய ஜாப் ஒன்று இடத்துக்குக் காத்திருக்கும் இடைவெளியில், அதைத் தாமதப்படுத்தாமல் முடியக்கூடிய சின்ன ஜாப்களை ஸ்லர்ம் உள்ளே நுழைக்கும். இதற்கு, எவ்வளவு தூரம் முன்னே பார்த்துத் திட்டமிடுவது என்று சொல்லும் பிஎஃப்-விண்டோ என்ற அளவை நீட்டவேண்டும். இயல்பு 1,440 நிமிடம், அதாவது ஒரு நாள். எங்களிடம் 7 நாள் ஜாப் இருப்பதால் 10,080. இவ்வளவு தூரம் முன்னே பார்ப்பது ஸ்லர்முக்குச் சுமை, ஆகவே நேரத்தை 10 நிமிடக் கூறுகளாகப் பார்க்கச் சொன்னோம்.

பயனர் கேட்கும் “ஏன்”

அமைப்பு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாதவருக்கு அது அநியாயமாகத்தான் படும். வரிசையைக் காட்டும் எஸ்-க்யூ கட்டளையின் கடைசி நெடுவரிசையில் காரணம் வரும். அதற்கு ஒரு பக்கத் தமிழ் விளக்கம் எழுதி லாகின் செய்ததும் தெரியும் இடத்தில் வைத்தோம். பிரையாரிட்டி என்றால் உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறார். ரிசோர்சஸ் என்றால் அடுத்தது நீங்கள்தான், இடம் காலியாகவேண்டும். ரன்-மினிட்ஸ்-லிமிட் என்று முடியும் நீளமான பெயர் வந்தால் உங்கள் சொந்த வரம்பு நிரம்பிவிட்டது, ஓடுவது கொஞ்சம் குறைந்ததும் தானே ஏறும். எஸ்-ஷேர் கட்டளையில் தன் குழுவின் பங்கு, பயன்பாடு, அடுத்த குழுவுடையது எல்லாம் யாரும் பார்க்கலாம். எஸ்-பிரையோ தன் ஜாப்பின் எண் எந்தக் காரணியிலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும். இவற்றை மறைக்கும் வசதியும் ஸ்லர்மில் இருக்கிறது. நாங்கள் எதையும் மறைக்கவில்லை.

ஒருவருடைய பயன்பாட்டைப் பூஜ்ஜியமாக்க அட்மினால் முடியும். ரா-யூசேஜ் என்ற மதிப்பை 0 என்று மாற்றினால் போதும். கடைசித் தேதி நெருங்கும்போது இந்தக் கோரிக்கை வரும். மூன்று குழுத் தலைவர்களும் மின்னஞ்சலில் சம்மதித்தால் மட்டுமே செய்வது என்று தாளில் ஏற்கெனவே இருந்ததால் அதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்க முடிந்தது. சனிக்கிழமை போன் அழைப்புகள் ஏறக்குறைய நின்றுபோயின.

தீராமல் நிற்பது ஒன்று

கற்றல் குழுவின் ஜாப்கள் பெரும்பாலும் ஜிபியுவில் ஓடுகின்றன. ஜிபியுவுக்கு எடை 16 என்பதால் அவர்களுடைய பயன்பாடு சீக்கிரம் ஏறுகிறது. ஏறியதும், தரவைத் தயார் செய்ய அவர்கள் சாதாரண நோடுகளில் கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப்களும் வரிசையில் பின்னுக்குப் போகின்றன. அந்த நோடுகளை அவர்கள் தொட்டதே குறைவு. அதேபோல் மூலக்கூறு குழு சாதாரண நோடுகளில் அதிகம் ஓட்டியதற்காக, காலியாகப்போகும் ஜிபியுவைப் பெறுவதிலும் பின்தங்குகிறது. இரண்டு வேறு வகை வளத்துக்கு ஒரே கணக்குப் புத்தகம் வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது.

ஜிபியுவின் எடையைக் குறைத்தால் எதிர்ப்பக்கம் அநியாயம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கணக்கு, ஒன்று சாதாரண நோடுக்கு, ஒன்று ஜிபியுவுக்கு என்று பிரித்து, மரத்தின் உச்சியிலேயே இரண்டு கிளைகளாக்குவதுதான் நேரான வழி. அப்போது பயனர் ஒவ்வொரு முறையும் சரியான கணக்கைக் குறிப்பிடவேண்டும், தப்பாகக் குறிப்பிட்டால் ஜாப்பை வாங்கும்போதே திருத்தும் ஒரு சின்ன லுவா ஸ்கிரிப்டும் தேவைப்படும். குழுத் தலைவர்கள் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள். ஜிபியு கிளையில் பங்கு என்ன என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது: கற்றல் குழு பணத்தில் 20 விழுக்காடு போட்டது, ஆனால் அந்த 20 விழுக்காட்டில் வாங்கியது எல்லாமே ஜிபியு என்கிறார்கள். பில்லைப் பார்த்து அவர்களே எண்ணை எழுதித் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எண் வந்ததும் அடுத்த பராமரிப்பு நாளில் மரத்தைப் பிரித்துவிடலாம்.